மூன்றாவது தண்ணீருக்குப் பிறகு

போன மாதம் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், என் மகன் வயதுதான் இருக்கும். ஸ்கேன் கவரை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து, "உங்களுக்கும் மார்லதானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையை ஆட்டினேன். கொரோனா நேரத்திலா வைத்தியம் செய்துகொண்டீர்கள், எப்படி வந்து போனீர்கள், வீட்டில் யாருக்கும் ஒட்டவில்லையா என்று அடுக்கிக்கொண்டே போனாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. நான் எப்போதும் அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் மருமகள் கவிதா திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். கீழே ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி. மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு சின்ன அறை. அதற்குப் படி வெளியே தெருப்பக்கம் இருக்கிறது. நான், என் வீட்டுக்காரர், மகன் சேகர், கவிதா, இந்த நாலு பேர்தான். வீட்டுக்காரர் வயசுக்காலமெல்லாம் மில்லில் பஞ்சு உதறுகிற இடத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தூசு அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அவருடைய இருமலை வைத்தே மழை வரப்போகிறதா என்று சொல்லிவிடுவேன்.

மாசி மகத்தன்று காலையில் தலை குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில், கொட்டைப்பாக்கு மாதிரி. வலி இல்லை. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தை எப்படிச் சொல்வது? மகனிடம் முடியாது. வீட்டுக்காரரிடமும் கூச்சம். கடைசியில் கவிதாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன், அவ்வளவுதான். அவள் முகம் மாறிவிட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு பலகைக்கு நடுவில் மார்பை அழுத்திப் படம் எடுத்தார்கள். ஊசியை விட்டுக் கொஞ்சம் சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அது புற்றுதான், ஆனால் பரவவில்லை, எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. கட்டியையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பக்கவாட்டில் ஒரு குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு டப்பா தொங்கவிட்டார்கள், கெட்ட நீர் வடிவதற்கு. அந்த டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் கக்கூசுக்குக்கூடப் போவேன். செலவைப் பற்றி மகனிடம் கேட்டால், "ஒனக்கு எதுக்கும்மா அது" என்பான், பேச்சு அதோடு நின்றுவிடும்.

தையல் ஆறியதும் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அது கரண்டு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர். அறுத்த இடத்தில் நோயின் வேர் ஏதாவது மிச்சம் இருந்தால் பொசுக்கிவிடும். வைக்கும்போது வலிக்காது. ஆனால் ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், வாரக்கணக்கில். கதிர் சரியான இடத்தில் விழுவதற்காக மார்பிலும் கழுத்தோரத்திலும் ஊதா மையால் கோடு போடுவார்கள். வைத்தியம் முடிகிற வரைக்கும் அந்தக் கோடு அழியக்கூடாது. கழுத்துக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம், குளிக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா ஊரைப் பிடித்தது. முந்தின வருஷம் வந்தது போல் இல்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது காய்ச்சல். பீச் ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாள் இல்லை. நாங்கள் யாரும் அதுவரை தடுப்பூசி போடவில்லை. நெஞ்சுக் கோளாறுக்காரர்களுக்கு ஊசி ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் பயந்தார். அவர் போடாமல் நான் எப்படிப் போடுவது என்று நானும் இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். கரண்டைச் சில வாரம் தள்ளி வைக்கலாம், மாதக்கணக்கில் தள்ளினால் நல்லதில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் கொரோனா ஒட்டுகிற பயம் இருக்கிறது. வராமல் இருந்தால் புற்று திரும்புகிற பயம் இருக்கிறது. "ரெண்டு பக்கமும் பயம்தான்மா, எது பெருசுன்னு நீங்கதான் பாக்கணும். ஊட்ல வயசானவங்க யாரு இருக்காங்க?" என்றார். வீட்டுக்காரர் என்றேன். அவருக்கு நெஞ்சு எப்படி என்று கேட்டார். சேகர்தான் சொன்னான்.

அன்று சாயந்திரம் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். அப்பா அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றான் சேகர். அத்தை என்பது என் நாத்தனார் அலமேலு, அடுத்த தெருவில் இருக்கிறாள். அவர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். நான் கரண்டுக்குப் போகாமல் இருக்கவும் கூடாதாம். எனக்கு என் உயிர் ஒரு பக்கம், அவர் உயிர் ஒரு பக்கம் என்று தோன்றவில்லை. என்னால் அவருக்கு ஒட்டிவிட்டால் பிறகு எந்த நோய் குணமாகி என்ன என்றுதான் தோன்றியது. மாடி அறைக்கு நான் போகிறேன் என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் மட்டும் எழுந்து போய் மாடிப் படியின் விளக்கு எரிகிறதா என்று போட்டுப் பார்த்தார்.

சோற்றுப் பாத்திரத்தைக் கவிதா நடுப்படியில் வைத்துவிட்டுக் கீழே போனதும் நான் இறங்கி எடுத்துக்கொள்வேன். காலையில் சேகர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, முகத்துக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போவேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் குறுக்கே கயிறு கட்டியிருப்பார்கள். யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். ஒருவர் இருமினால் எல்லாத் தலையும் திரும்பும். வந்ததும் சேலையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு, முகம் கை கால் கழுவிக்கொண்டு மாடியில் உட்கார்ந்தால் மறுநாள் காலை வரைக்கும் வேலை இல்லை.

வேலை இல்லாமல் நான் இருந்ததே இல்லை. காதுதான் வேலை செய்தது. கீழே இரும்புக் கட்டில் கிரீச்சென்றால் அவர் படுத்திருக்கிறார். செருப்புச் சத்தம் கேட்டால் குழாயடிக்குப் போகிறார். இருமல் ஒரு தரம் கூடுதலாகக் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்று பார்ப்பேன். அவர் உச்சந்தலை மட்டும் தெரியும். கூடவே வாழ்ந்த காலமெல்லாம் அவர் உச்சந்தலையை நான் மேலிருந்து பார்த்ததில்லை. அங்கே ஒரு சொட்டை விழுந்திருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார், தெருவில் ஆள் இருக்கும். நாங்கள் இருவரும் அடுத்தவர் முன்னால் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. போனில் பேசச் சொல்லி சேகர் கொடுப்பான். "சாப்டியா" என்பார். "ம்" என்பேன். "நீங்க" என்பேன். "ஆச்சி" என்பார். போனை மகனிடம் கொடுத்துவிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டீ ஒரு டம்ளர்தான். அவர் பாதி குடித்துவிட்டு வைப்பார், மிச்சம் எனக்கு. கல்யாணமான புதிதில் பால் தட்டுப்பாடாக இருந்தபோது வந்த பழக்கம், பிறகு அப்படியே நின்றுவிட்டது. மாடியில் எனக்கென்று முழு டம்ளர் வந்தது. பாதிக்கு மேல் இறங்கவே இல்லை.

கரண்டு பாதி முடிந்திருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். கொரோனா என்று வந்தது. கரண்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வார்டில் சேர்த்தார்கள். சேகர் வாசல் வரைக்கும்தான் வர முடிந்தது.

விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். எண் குறைந்தால் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். குப்புறப் படுத்தால் நெஞ்சு நன்றாக விரியும் என்று எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். என்னால் அறுத்த பக்கம் அழுத்திப் படுக்க முடியவில்லை. கனகசெட்டிக்குளத்துப் பெண் ஒருத்தி அங்கே நர்ஸ். பிளாஸ்டிக் உடுப்புக்குள் முகமே தெரியாது, நெஞ்சில் ரேவதி என்று எழுதி ஒட்டியிருப்பாள். இரண்டு தலையணையை மடித்து, புண் இருக்கும் பக்கம் பள்ளமாக விட்டு, என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். "எங்க ஊரு படகு இப்பிடித்தான் ஒருசாச்சு கெடக்கும் ஆயா, முழுவாது" என்றாள். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்துக் கட்டில்கள் காலியாவதும் நிறைவதும் தெரியும். கேட்க மாட்டேன். அங்கே எனக்குச் சாவு பயம் அதிகம் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் இருமலைக் கேட்காமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. கேட்காததால் அவருக்கு என்னென்னவோ ஆகிவிட்டதாக நினைப்பு ஓடும். எனக்கு வந்ததுமே வீட்டில் மூன்று பேருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், யாருக்கும் இல்லை என்று சேகர் சொல்லி அனுப்பிய பிறகுதான் கஞ்சி இறங்கியது.

ஒரு நாள் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ வந்தது. ரேவதி திறந்து பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, பாதிதான் குடுத்து வுட்டிருக்காங்க. கஞ்ச ஊடா?" என்றாள். ஆமாம் என்பது போல் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அவளிடம் எப்படிச் சொல்வேன்? அன்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

எண் ஏறி நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் தனியாகத்தான் இருக்க வேண்டும், நெஞ்சுக் கோளாறு உள்ளவர் பக்கத்தில் போகவே கூடாது என்று ரேவதி திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுபடி மாடி ஏறினேன். படியின் கைப்பிடியில் வேப்பிலை கட்டியிருந்தது. ஒத்தாசைக்கு வந்து எங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட அலமேலுவின் வேலை.

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வேப்பிலை கட்டுவோம், யாரும் வரமாட்டார்கள், வீட்டில் எண்ணெய் வைத்துத் தாளிக்க மாட்டோம். புருஷன் பெண்டாட்டி தள்ளிப் படுப்பார்கள். அம்மை இறங்கிய பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை நாள் விட்டு நாள் மூன்று தடவை தலைக்கு ஊற்றுவோம். மூன்றாவது தண்ணீர் ஊற்றியாகிவிட்டால் ஆத்தா போய்விட்டாள். எல்லோரும் பழையபடி சேர்ந்து இருக்கலாம். அலமேலு கொரோனாவையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். கீழே தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். அது தெரியாமல் நான், அடுப்படி வாசனையே மேலே வரவில்லையே, கொரோனாவில் மூக்கு போய்விட்டது என்று ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் மூக்குப்பொடி போடுகிற கிழவர் ஒருவர் தெருவில் போனபோது தும்மல் வந்தது, மூக்கு இருக்கிறது என்று தெரிந்தது.

அலமேலு தண்ணீர்க் குடத்தை நடுப்படியில் வைத்துவிட்டு, "ஊத்திக்க அண்ணி, எல்லாம் போயிடும்" என்று கீழேயிருந்து சொன்னாள். உடம்பில் ஊதாக் கோடு இருக்கிறதே என்று யோசித்தேன். ஒரு துண்டை மடித்து நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து தலைக்கு மட்டும் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் துண்டைக் கேட்டுக்கொண்டா ஓடும்? இருந்தும் மூன்று தண்ணீரும் ஊற்றினேன். ஆஸ்பத்திரிக் கணக்கு ஒரு பக்கம் இருந்தாலும், இது முடிந்தால் அது முடிந்தது என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று சாயந்திரம் படியில் சத்தம் கேட்டது. இரண்டு படி, நிற்பது, மறுபடி இரண்டு படி. யார் என்று கேட்கவே வேண்டாம். எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"இந்தா. கதவத் தொற."

"யாரு உங்கள ஏறச் சொன்னது?"

"மூணாந் தண்ணி ஊத்தியாச்சில்ல?"

"ஊத்தியாச்சி."

"அப்பறம் இன்னா?"

"இது ஆத்தா இல்லீங்க, தண்ணி ஊத்துனா போறதுக்கு."

"அப்ப எதுக்கு ஊத்துன?"

உங்கள் தங்கைதான் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள் என்றேன்.

"அவ சொன்னா ஊத்திக்குவ. நான் சொன்னா கதவத் தொறக்க மாட்ட."

அவர் மூச்சு கதவுக்கு அந்தப் பக்கம் இழுத்து இழுத்து வந்தது. "மூச்சு வாங்குது. கொஞ்சம் குந்திட்டுப் போறேன்" என்றார். கதவில் முதுகு சாய்கிற சத்தம் கேட்டது. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அலமேலு செய்கிற தாளிக்காத குழம்பைப் பற்றித் திட்டினார். மில் பக்கத்து டீக்கடைக்காரர் போய்விட்டார் என்றார். எதனால் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் விட்டு, "கீழ தூக்கமே புடிக்கல" என்றார், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல.

என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. ஒரு விரல் தள்ளினால் போதும். அந்த டீக்கடைக்காரரை நினைத்தேன்.

"மூக்க மூடியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்பப் போங்க. எறங்கிப் போங்க."

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்தார். வந்ததைவிட மெதுவாக இறங்கினார். கட்டில் கிரீச்சென்கிற வரைக்கும் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இருமலுக்கும், ஒட்டிவிட்டதோ, கதவு இடுக்கு வழியாகப் போயிருக்குமோ என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோபத்தில் அவர் போனிலும் பேசவில்லை.

சொன்ன நாள் கழிந்து, டெஸ்டிலும் இல்லை என்று வந்த பிறகு கரண்டுக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னைப் படுக்க வைத்துவிட்டு, "கோடு எங்க ஆயா?" என்று கேட்டாள். காய்ச்சல் வேர்வையில் பாதி, மஞ்சள் தண்ணீரில் பாதி போயிருந்தது. குளிக்கக் கூடாது என்று சொன்னோமே என்றாள். "குளிக்கல. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். பெரிய டாக்டரை அழைத்தாள். மறுபடி படம் எடுத்து, அளந்து, புதிதாகக் கோடு போட வேண்டியதாயிற்று. மார்பைத் திறந்து காட்டி முன்பு ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு சகித்ததை மறுபடி சகித்தேன். டோக்கனோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணே, நீ கேட்டாயே, அதனால் உனக்குச் சொல்கிறேன்: கோட்டுக்கு மேல் எந்தத் தண்ணீரும் படக்கூடாது, சாமித் தண்ணீராக இருந்தாலும்.

ஒருவழியாகக் கரண்டு முடிந்தது. மேலும் சில நாள் விட்டுத்தான் கீழே இறங்கினேன். அதற்குள் ஊரில் நோய் தணிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், விருந்தாளி வந்தது போல. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, நெஞ்சுக் கோளாறுக்காரர்கள்தான் முதலில் ஊசி போட வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அவரை அழைத்துப் போய்ப் போட வைத்தேன். எனக்கு, கொரோனா வந்து போனதால், சில மாதம் கழித்துப் போட்டார்கள். ஆளுக்கு இரண்டு ஊசியும் முடிந்தது.

மார்கழி கடைசியில் மறுபடி ஊரில் கொரோனா ஏறியது. அந்த நேரத்தில்தான் என்னுடைய பரிசோதனை நாள் வந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது, பாதிப் பேர் இருமினார்கள். திரும்பும்போது டாக்டரம்மாவிடம், வாழ்நாளில் முதல் தடவையாக நானே கேட்டேன், வீட்டுக்குப் போனால் மேலேயா கீழேயா என்று. ஊசி போட்டவர்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் நெஞ்சுக்கு இறங்காமல் போகிறது, ஆனால் வராது என்று எழுதித் தர முடியாது என்றார். தள்ளி இருங்கள், மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், காய்ச்சல் என்றால் உடனே டெஸ்ட் என்றார்.

வீட்டுக்கு வந்தால் சேகர் மாடி அறையைக் கூட்டிப் பாய் போட்டு வைத்திருந்தான். பிள்ளையைச் சொல்லக் கூடாது, நல்லதற்குத்தான் செய்தான். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவிதா இருந்தாள், அலமேலுவும் இருந்தாள். நான் தெருவிலேயே நின்று மாஸ்க்கைக் கழற்றாமல் அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்குப் பயமா இருக்குதா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்குது" என்றார்.

"எனக்கும் இருக்குது. டாக்டரம்மா தள்ளி இருந்தா போதும்னாங்க. வராதுன்னு சொல்லல."

"நீ மேல போனா நான் ஏறுவேன். அதுல மூச்சு வாங்கிச் சாவறதுக்கு இதுவே மேல்."

அலமேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சேகர் ஏதோ சொல்ல வந்தான், கவிதா அவன் கையைப் பிடித்தாள். நான் பின்பக்கமாகப் போய்க் கை கால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் பாயை இந்தக் கோடியில் போட்டேன். அவர் கட்டில் அந்தக் கோடியில். இரண்டு பேருக்கும் மாஸ்க். வாசல் கதவு, இரண்டு ஜன்னல், எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். சாக்கடைப் பக்கத்திலிருந்து கொசு மொத்தமாகக் கிளம்பி உள்ளே வந்தது. அவர் காலில் அடித்துக்கொண்டார், கழுத்தில் அடித்துக்கொண்டார்.

"கொசு புடுங்குது. ஜன்னலச் சாத்தேன்" என்றார்.

"கடிக்கட்டும்" என்றேன்.